ஒரே தப்புக்கு எத்தனை விலை?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளிடம் 'கழிவு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. பச்சைத் தேயிலையை மூட்டை கட்டித் தராசில் ஏற்றினால், ஈரம், முற்றல், காம்பு என்று ஏதாவது சொல்லிக் கொஞ்சம் கிலோவைக் கழித்துத்தான் சீட்டில் எழுதுவார்கள். நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ கழிப்பவரிடம் முணுமுணுத்துக்கொண்டே வருஷக்கணக்கில் இலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சண்டை அதனால் வருவதில்லை. போன செவ்வாய் ஐந்து கிலோ, இந்தச் செவ்வாய் ஒன்பது, எனக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும் மூன்று என்று ஆகும்போதுதான் தராசைச் சுற்றிக் கூட்டம் கூடும். இலை அதே இலை, மழையும் அதே மழை.

ரக்பி லீக் ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசு ஞாபகம் வரும்.

கோத்தகிரியில் உட்கார்ந்து யார் ரக்பி லீக் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். எங்கள் தெருவுக்குக் கீழே குடியிருக்கும் பெரியவர் கண்டியில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இந்தப் பக்கம் வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீலகிரியில் அப்படி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கண்டியில் ரக்பி என்பது நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. நித்தவெல மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று ஆட்டம் பார்த்த கதையை அவர் இன்னும் சொல்வார். அது பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியன். இப்போது பேரன் சிட்னியில் இருக்கிறான். அவன் மூலமாகப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக்கும் வீட்டுக்குள் வந்துவிட்டது. சிட்னியில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி ஆட்டம் என்றால் குளிர்காலத்தில் நமக்கு மாலை மூன்றரை. இங்கே மூடுபனி இறங்கும் நேரம். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், கால்பந்துக்கு விசில் ஊதியவன். அதனால் அவருக்கு நான் 'மாஸ்டர்'. ஆட்டம் போடும்போது கூப்பிடுவார், டீயும் உண்டு.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். 1895 ஆகஸ்ட் 29 அன்று இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடபகுதி ரக்பி கிளப்புகள் தனியாகப் பிரிந்தன. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்காக இழக்கும் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தலைமைச் சங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. பிரிந்து வந்தவர்கள் 1906இல் ஆட்டக்காரர்களை ஒரு பக்கத்துக்குப் பதின்மூன்றாகக் குறைத்தார்கள். இன்றைய சண்டைகளுக்கெல்லாம் மூலமான 'பிளே தி பால்' வந்ததும் அப்போதுதான்.

கபடி தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கபடியில் ரெய்டர் பிடிபட்டால் அவுட். ரக்பி லீக்கில் பந்தோடு ஓடுகிறவர் பிடிபட்டால் அவுட் இல்லை. எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும். இதுதான் 'பிளே தி பால்'. பின்னால் நிற்பவர் எடுப்பார், ஆட்டம் தொடரும். இப்படி ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடிக்குப் பிறகு பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது முடிந்ததும் பெரும்பாலும் பந்தைத் தூர உதைத்துவிடுவார்கள்.

பிடிபட்டவர் விழுவதற்கும் எழுந்து பந்தை உருட்டுவதற்கும் இடையில் இருக்கும் மூன்று நான்கு விநாடிதான் இந்த விளையாட்டின் உயிர். அந்த நேரத்துக்குள் தடுக்கும் அணியினர் பத்து மீட்டர் பின்வாங்கி வரிசை கட்ட வேண்டும். மேலே விழுந்து அமுக்கியவர்கள் உடனே விலக வேண்டும். பந்துக்கு எதிரே நிற்கும் 'மார்க்கர்' நேராக நிற்க வேண்டும். பிடிபட்டவரும் காலால் தொட்டுத்தான் பந்தை உருட்ட வேண்டும். அமுக்கியவர் ஒரு விநாடி கூடுதலாகக் கிடந்தால் அவருடைய அணிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், வரிசை ஒழுங்காகும். ஒரு விநாடி சீக்கிரம் எழ வைத்துவிட்டால் எதிரணி ஓட்டமாக ஓடும். ஆகவே எல்லா அணியும் அந்த ஒரு விநாடியைத் திருடத் தனியாகப் பயிற்சி எடுக்கின்றன. மல்யுத்தப் பயிற்சியாளரை வைத்துக்கொள்ளும் அணிகளே உண்டு.

இப்போது நடுவரின் நிலையைப் பாருங்கள். 'உடனே விலக வேண்டும்' என்கிறது விதி. உடனே என்றால் எவ்வளவு நேரம்? பத்து மீட்டர் என்கிறது விதி. புல்லில் அதற்குக் கோடு கிடையாது, நடுவர் போய் நிற்கும் இடம்தான் பத்து மீட்டர். ஒவ்வொரு பிடியிலும் நாலைந்து தப்பு நடக்க வாய்ப்புண்டு, ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கணக்கான பிடிகள் உண்டு. எல்லாவற்றுக்கும் ஊதினால் ஆட்டமே நடக்காது. எதற்கும் ஊதாவிட்டால் குஸ்தியாகிவிடும். எனவே சட்டப் புத்தகத்தில் இருப்பது ஒரு விதி, அன்றைய நடுவர் மனதில் வரைந்து வைத்திருக்கும் கோடு இன்னொன்று. ஆட்டம் நடப்பது இரண்டாவதன்படிதான். முதல் பதினைந்து நிமிடத்தில் இரண்டு அணிகளும் அந்தக் கோடு எங்கே என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளும். கடுமையான நடுவர் என்றால் அதற்கு ஒரு ஆட்டம், தாராளமானவர் என்றால் வேறொரு ஆட்டம். இரண்டுக்கும் அணிகள் பழகிவிடும். கோடு நடுவில் நகர்ந்தால்தான் பழக முடியாது.

விதிப்படி எல்லாவற்றையும் ஊதிப் பார்த்த ஒரு காலமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக், அதாவது என்.ஆர்.எல்., 2018 பருவத்தின் தொடக்கத்தில் பத்து மீட்டரிலும் பிளே தி பாலிலும் கறார் காட்டச் சொன்னது. குரோனுல்லாவுக்கும் மெல்போர்னுக்கும் நடந்த ஆட்டத்தில் 33 பெனால்டிகள். ஆட்டமே எண்பது நிமிடம்தான். மெல்போர்ன் அணித் தலைவர் கேமரன் ஸ்மித், நெடுங்கால ஆட்ட வாழ்க்கையில் முதல் முறையாகப் பத்து நிமிடத் தண்டனைக்கு வெளியே அனுப்பப்பட்டதும் அன்றுதான். ஜனங்கள் அலுத்துக்கொண்டார்கள், நிபுணர்கள் திட்டினார்கள், பருவம் போகப் போக விசிலும் அடங்கிப்போனது. ஆட்டக்காரர்கள் திருந்திவிட்டார்கள் என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஜூலையில் ஊதாத தப்பை மார்ச்சில் ஊதினார்கள். மார்ச்சில் தோற்ற அணிக்கு அந்தப் புள்ளிகளை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

அப்புறம் 2020. கொரோனாவுக்காக நிறுத்திய போட்டிகள் மே 28 அன்று மறுபடி தொடங்கியபோது, ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத் தலைவர் பீட்டர் வ்லாண்டிஸின் முனைப்பில் இரண்டு மாற்றங்கள் வந்தன. 2009 முதல் மைதானத்தில் இருந்த இரண்டு நடுவர்கள் ஒருவராகக் குறைக்கப்பட்டார்கள். பிளே தி பால் தப்புகளுக்குப் பெனால்டிக்குப் பதிலாக 'சிக்ஸ் அகெய்ன்' வந்தது. ஆட்டம் நிற்காது. நடுவர் கையைச் சுழற்றிக் காட்டுவார், தாக்கும் அணிக்குப் பிடிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆட்டம் வேகம் பிடிக்கும் என்பது நோக்கம். வேகம் பிடிக்கவும் செய்தது.

ஆனால் இங்கே ஒரு கணக்கு உண்டு, அது கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. ஐந்தாவது பிடியில் ஒருவன் மேலே கிடந்து நேரம் கடத்துகிறான். சிக்ஸ் அகெய்ன் கொடுத்தால் எதிரணிக்கு ஐந்து பிடிகள் கூடுதலாகக் கிடைக்கும், பெரிய தண்டனை. அதே தப்பை முதல் பிடியில் செய்தால்? எதிரணி செலவழித்திருப்பது ஒரே ஒரு பிடி, திரும்பக் கிடைப்பதும் அந்த ஒன்றுதான். அதற்குள் நம் வரிசை ஒழுங்காகி, மூச்சும் வாங்கி, எதிரணியை அது காக்கும் கடைசிக் கோட்டுப் பக்கமே முடக்கியாயிற்று. பழைய பெனால்டி என்றால் பந்தைப் பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே உதைத்து முப்பது நாற்பது மீட்டர் முன்னேறியிருப்பார்கள். ஒரே தப்பு, ஒரு நேரம் ஒரு ரூபாய், இன்னொரு நேரம் ஐந்து ரூபாய். பயிற்சியாளர்களுக்கு இது புரிய ரொம்ப நாள் ஆகவில்லை. எதிரணி அதன் கோட்டுக்கு அருகே இருக்கும்போது முதல் பிடியிலேயே வேண்டுமென்றே தப்பு செய்யும் வழக்கம் வந்தது. அதைத் தடுக்கத்தான் 2022இல், தாக்கும் அணி தன் பக்கத்து நாற்பது மீட்டருக்குள் இருந்தால் மறுபடி முழுப் பெனால்டி என்று மாற்றினார்கள்.

சிக்ஸ் அகெய்ன் கொண்டுவந்த இன்னொரு தொல்லை வெளியே தெரியாதது. பெனால்டி கொடுத்தால் ஆட்டம் நிற்கும், எதற்குக் கொடுத்தார் என்று நடுவர் சொல்ல வேண்டும், அணித் தலைவர் கேட்கலாம், டிவியில் மறுபடி காட்டுவார்கள். கையைச் சுழற்றிவிட்டு ஓடினால் இதெல்லாம் இல்லை. எதற்குக் கொடுத்தார் என்பதைவிட, அதே மாதிரி இன்னொன்றுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இதன் விளைவு ஸ்கோர் பலகையில் அந்த நிமிடமே தெரியாது. தடுப்பதுதான் இந்த ஆட்டத்தில் உடம்பைக் கரைக்கும் வேலை. நூறு கிலோ ஆள் ஓடிவந்து மோதுவதைத் தாங்கி, விழுந்து, எழுந்து, பத்து மீட்டர் பின்னால் ஓடி, மறுபடி முன்னால் வர வேண்டும். தன் கோட்டருகே ஆறு முறை இதைச் செய்ய வேண்டிய அணி, ஒரு கையசைப்பில் மேலும் ஐந்து முறை செய்ய வேண்டியிருக்கும். அந்தத் தொடரில் புள்ளி போகாமல் காப்பாற்றிவிடலாம். பதினைந்து நிமிடம் கழித்து அதே கால்கள் ஒரு அடி தாமதிக்கும், அங்கேதான் 'டிரை' விழும், அதாவது எதிரணி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி எடுக்கும். மறுநாள் பேப்பரில் 'கடைசி நேரத்தில் தளர்ந்த தடுப்பு' என்று எழுதுவார்கள். சிக்ஸ் அகெய்ன் வந்த பிறகு, குறிப்பாக 2021 பருவத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்த பெரிய தோல்விகள் அதிகமானதற்கு இந்தக் களைப்புக் கணக்கும் ஒரு காரணம் என்று பலரும் சொன்னார்கள்.

2021 மே மாதம் கோடு நகர்ந்த கதை இன்னும் வெளிப்படையானது. தலையில் விழும் அடிகளைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவு செய்தது. நோக்கத்தில் குறை சொல்ல ஏதுமில்லை. தலைக்காயங்கள் ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களை என்ன செய்கின்றன என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அறிவிப்பு வந்தது பருவத்தின் நடுவில். அந்த வாரமே பிரிஸ்பேனில் 'மேஜிக் ரவுண்ட்', ஒரே மைதானத்தில் எட்டு ஆட்டங்கள். அந்த மூன்று நாளில் 14 பேர் பத்து நிமிடத்துக்கு வெளியே போனார்கள், 3 பேர் அடியோடு வெளியேற்றப்பட்டார்கள். பதின்மூன்று பேரின் இடத்தைப் பன்னிரண்டு பேர் காப்பது என்பது இந்த ஆட்டத்தில் பாதிக் கிணறு தாண்டுவது மாதிரி. முந்தின வாரம் பெனால்டியோடு போன பிடிக்கு இந்த வாரம் வெளியேற்றம். சில வாரங்களில் அந்தக் கடுமையும் தணிந்தது. இந்த மாற்றத்தை மார்ச்சில் தொடங்கியிருந்தால் யாரும் வாய் திறந்திருக்க முடியாது என்பது என் கட்சி.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தவறான தீர்ப்பு வேறு, நிலையில்லாத தீர்ப்பு வேறு. 2013இல் குரோனுல்லாவுக்கும் வடக்கு குயின்ஸ்லாந்துக்கும் நடந்த வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில், ஆறாவது பிடியோடு முடிய வேண்டிய தொடர் ஏழாவது வரை ஓடி, அந்த ஏழாவதில் குரோனுல்லா டிரை போட்டது. ஆட்டம் முடிந்தபோது 20–18, குரோனுல்லா வெற்றி. அத்தனை நடுவர்கள் இருந்தும் ஆறு வரை எண்ணத் தவறிவிட்டார்கள். இது தராசு முள்ளைத் தப்பாகப் படித்த கதை. அவமானம்தான், ஆனால் யாரும் மறுக்க முடியாத தவறு, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்.

2019 என்.ஆர்.எல். இறுதி ஆட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1994க்குப் பிறகு முதல் தடவையாக இறுதிக்கு வந்த கான்பெரா ரைடர்ஸ், எதிரே சிட்னி ரூஸ்டர்ஸ். எட்டுக்கு எட்டு, கடைசிப் பத்து நிமிடம். உயர உதைத்த பந்து யார் மேலோ பட்டுத் திரும்ப, நடுவர் பென் கம்மின்ஸ் கையை உயர்த்தி கான்பெராவுக்குப் புதிதாக ஆறு பிடிகள் என்று காட்டினார். பந்து ரூஸ்டர்ஸ் மேல் படவில்லை என்று உதவியாளர்கள் சொல்ல, அவர் கத்தித் தீர்ப்பை மாற்றினார். கான்பெராவின் ஜாக் வைட்டன் கையசைப்பைப் பார்த்திருந்தார், கத்தலைக் கேட்டிருக்கவில்லை. உதைக்க வேண்டிய பந்தோடு ஓடிப் பிடிபட்டார். பந்து கைமாறியது, சிறிது நேரத்தில் ரூஸ்டர்ஸின் ஜேம்ஸ் டெடெஸ்கோ டிரை போட்டார், 14–8இல் கோப்பை போனது. இறுதியில் சொன்ன தீர்ப்பு சரியானதுதான் என்றது நிர்வாகம். பந்து பட்டது யார் மேல் என்று மட்டும் பார்த்தால் அது சரி. ஆனால் ஆட்டக்காரன் எந்தத் தீர்ப்பை நம்பி ஆடினானோ, அவனுக்கு அதுதான் விதி. பெரியவர் அந்த வீடியோவை எனக்குக் குறைந்தது பத்துத் தடவை போட்டுக் காட்டியிருப்பார்.

தொழில்நுட்பம் வந்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்தோம். 2016 முதல் சிட்னியில் 'பங்கர்' என்று ஒரு அறை, எல்லா மைதானத்து கேமராக்களும் அங்கே. 2020 முதல் அணித் தலைவர் ஒரு தீர்ப்பை எதிர்த்து முறையிடலாம். டிரையா இல்லையா, பந்து கை நழுவியதா என்பதற்கு இவை நன்றாகவே உதவுகின்றன. ஆனால் முறையீடு ஆட்டம் நின்ற தீர்ப்புகளுக்குத்தான். சிக்ஸ் அகெய்னில் ஆட்டம் நிற்பதே இல்லையே! இங்கிலாந்தின் சூப்பர் லீக்கில் வேடிக்கை இன்னும் அதிகம். 2023 வரை டிவியில் காட்டும் ஆட்டங்களுக்கு மட்டும் வீடியோ நடுவர். ஒரே போட்டித் தொடர், ஒரே வாரம், ஒரு ஊரில் திரையில் பார்த்துச் சொல்வார்கள், அடுத்த ஊரில் கண்ணால் பார்த்ததோடு சரி. 2024இல்தான் எல்லா ஆட்டத்துக்கும் வந்தது.

நடுவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்களா? பெரும்பாலும் இல்லை. விசில் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன். கூட்டத்தின் சத்தம் நம் தலைக்குள் வேலை செய்கிறது. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் தகுதிபெற்ற 40 கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் மோதல்களைக் காட்டினார்கள், சிலருக்குச் சத்தத்தோடு, சிலருக்குச் சத்தமில்லாமல். சத்தத்தோடு பார்த்தவர்கள் உள்ளூர் அணிக்கு எதிராக 15.5 சதவீதம் குறைவாகவே தப்பு கொடுத்தார்கள். கொரோனா காலத்தில் ஐரோப்பியக் கால்பந்து மைதானங்கள் காலியாக இருந்தபோது, வெளியூர் அணிகள் வாங்கும் மஞ்சள் அட்டைகள் குறைந்ததும் இதையே காட்டுகிறது.

சத்தத்தைவிட மோசமானது சரிக்கட்டும் புத்தி. பல வருஷங்களுக்கு முன் இந்தப் பக்கத்து மைதானம் ஒன்றில் பள்ளிக்கூட அணிகளின் கால்பந்து. இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கி, தூரத்துக் கோல் கம்பம் பாதிதான் தெரிந்தது. ஒரு பையன் விழுந்த சத்தம் கேட்டது, ஊதிவிட்டேன், பெனால்டி. பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவன் ஈரப் புல்லில் தானாக வழுக்கியிருக்கிறான். மாற்ற எனக்குத் தைரியம் இல்லை. கோல் விழுந்தது. அடுத்த இருபது நிமிடம் என் கை தானாகவே எதிரணிக்கு ஏதாவது கொடுக்கத் தேடிக்கொண்டிருந்தது, கடைசியில் ஒரு ஒப்பேறாத மோதலுக்குக் கொடுத்தும்விட்டேன். ஸ்கோர் சமம், என் மனசும் சமம். ஆனால் அதன் பிறகு இரண்டு பக்கப் பையன்களுக்கும் நான் எதற்கு ஊதுவேன் என்று தெரியாமல் போய்விட்டது. அப்போதுதான் காலைப் பார்த்து உதைக்க ஆரம்பித்தார்கள்.

நீலகிரிக்கு விதி எழுதுவதில் ஒரு பெருமை உண்டு. ஸ்னூக்கர் விளையாட்டுக்கு முறையான விதிகளை எழுதி மாட்டியது ஊட்டி கிளப்பில், 1882இல், நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி. அந்த ஆட்டத்தில் தன் தப்பை ஆட்டக்காரரே சொல்லிக்கொள்வது மரியாதை. பந்து பட்டது, படவில்லை, குழியில் விழுந்தது, விழவில்லை, அவ்வளவுதான். அங்கேயும் தகராறு வருவது ஒரே இடத்தில்தான். மறைந்திருக்கும் பந்தைத் தொட ஆட்டக்காரர் உண்மையாகவே முயன்றாரா என்று நடுவர் மதிப்பிட்டுச் சொல்லும் 'மிஸ்' விதியில். அமைதியான மேஜை விளையாட்டிலேயே மனதில் வரைந்த கோடு இவ்வளவு பாடுபடுத்துகிறது என்றால், இருபத்தாறு பேர் மோதிக்கொள்ளும் இடத்தில் கேட்கவே வேண்டாம்.

பெரியவர் ஆட்டம் பார்க்கும் முறையே தனி. தொடங்கிய கால் மணி நேரம் ஸ்கோரைப் பார்க்க மாட்டார். யாராவது பிடிபட்டு விழுந்ததும் விரலை மடக்கி எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று. எத்தனை எண்ணும் வரை நடுவர் விடுகிறார் என்று பார்த்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் டீயை எடுப்பார். போன வாரமும் அப்படித்தான். முதல் பாதி முழுக்க மூன்று வரை விட்டார் நடுவர், தடுக்கும் பையன்களும் மூன்று வரை நிம்மதியாகக் கிடந்தார்கள். எழுபதாவது நிமிடம், இரண்டு புள்ளி வித்தியாசம், கோட்டிலிருந்து பத்து மீட்டர். பெரியவர் இரண்டாவது விரலை மடக்கும்போதே திரையில் நடுவரின் கை சுழன்றது.

"மாறிட்டான் மாஸ்டர்," என்றார். அடுத்த மூன்றாவது பிடியில் டிரை விழுந்தது.